முன் டிக்கி

காரின் முன் டிக்கி மூடி கீழே இறங்கியது, ஆனால் பூட்டிக்கொள்ளவில்லை. ஒரு விரல் நுழையும் இடைவெளி விட்டு அப்படியே நின்றது. சுகிர்தா வலது உள்ளங்கையை அதன் நடுவில் வைத்து அழுத்திப் பார்த்தாள். வெயிலில் ஓடி வந்த தகடு சுட்டது. நடுவில் அழுத்தினால் நடு மட்டும் குழிந்தது. பயந்து கையை எடுத்தாள். வலது ஓரத்தில் அழுத்தினால் இடது ஓரம் எழும்பியது, அந்தப் பக்கம் போய் அதை அழுத்தினால் இந்தப் பக்கம் எழும்பியது. ரெண்டு கையையும் நல்லா விரிச்சு, இங்கயும் இங்கயும் வெச்சு, சமமா ஒரே அழுத்து, அவ்வளவுதான் மேடம் என்று வண்டியை ஒப்படைத்த அன்று ஷோரூமில் செய்து காட்டியிருந்தார்கள். ஒரு கையால குத்திராதீங்க, லேசான தகடு, நெளிஞ்சிரும். அவளும் சரி சரி என்று தலையாட்டியிருந்தாள். ரெண்டு கை. உலகத்தில் எல்லாரிடமும் இருப்பதுதானே. அவளிடமும் இருந்தது. இடது கை முழுக்கைச் சுடிதாருக்குள், அதற்கும் உள்ளே இறுக்கமான உறைக்குள், தோள்பட்டையிலிருந்து ஒரு மூட்டை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. பாளையங்கோட்டையிலிருந்து புறப்படும்போது அது ஒழுங்காகத்தான் இருந்தது. மதுரை தாண்டியதும் வளையல் இறுக ஆரம்பித்தது. மேலூர் வருவதற்குள் முழங்கைக்கு மேலே புளித்த மாவு பொங்குகிற மாதிரி ஆகிவிட்டது. எப்படியும் சார்ஜ் போட நிறுத்தத்தானே வேண்டும் என்று துவரங்குறிச்சிப் பக்கம், நாலு வழிச் சாலையை ஒட்டிய இந்த ஓட்டலில் திருப்பினாள். சார்ஜரின் கன்னை, துப்பாக்கி மாதிரியான அந்தப் பிளக்கை, வண்டியில் மாட்டினாள், முன் டிக்கியைத் திறந்து பையிலிருந்து உறையை எடுத்தாள், ஓட்டல் கழிவறைக்குள் போய்ப் பல்லால் ஒரு முனையைக் கடித்து இழுத்து மாட்டிக்கொண்டு வந்தாள். வரும்போது மனசு லேசாக இருந்தது. பிறகுதான் இந்த மூடி. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பினாள். தகரக் கூரைக்குக் கீழே அவள் வண்டி மட்டும்தான் நின்றது. சாலையில் பேருந்துகள் காற்றைக் கிழித்துக்கொண்டு போயின. பார்க்க ஆளில்லை என்பது முதலில் நிம்மதியாக இருந்தது, பிறகு இல்லை.

உள்ளே வந்து உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். திரையில் வண்டியின் சின்னப் படம், பல் டாக்டர் முன்னால் உட்கார்ந்தது போல வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதற்குக் கீழே சிவப்பாக ஒரு வரி, முன் டிக்கி திறந்திருக்கிறது என்று. திறந்துதான் இருக்கு, எனக்குத் தெரியாதா. இப்படியே ஓட்டிக்கொண்டு போனால் என்ன. மெதுவாகப் போகலாம். மெதுவாகப் போனாலும் எதிர்க்காற்று அந்த இடைவெளிக்குள் புகுந்து மூடியை அப்படியே தூக்கிக் கண்ணாடியில் அறைந்தால், சாலை தெரியாமல், பின்னால் லாரி, மகன் எபி விமான நிலையத்தில் நின்று ஃபோன் அடித்துக்கொண்டே இருப்பான். கண்ணை மூடித் திறந்தாள். எபி இந்நேரம் கடலுக்கு மேலே எங்கோ பறந்துகொண்டிருப்பான். ஏறுவதற்கு முன்னால் அனுப்பியிருந்தான், ஏறிட்டேன்மா, நீ வராத, நான் டாக்ஸி பிடிச்சுக்கிடுதேன் என்று. வருவேன் என்று இவள்தான் பிடிவாதம் பிடித்தாள். அவன் வாங்கிக் கொடுத்த வண்டியில் அவனையே கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்று ஒரு ஆசை. அம்மா நல்லாத்தான் இருக்கா, தனியா அவ்வளவு தூரம் ஓட்டிக்கிட்டு வந்துட்டா என்று அவன் நினைக்க வேண்டும் என்று ஒரு கணக்கு. இந்த வண்டியையும் அவன் சிங்கப்பூரிலிருந்தே, வீடியோ அழைப்பில் ஒவ்வொன்றாகக் காட்டித்தான் தேர்ந்தெடுத்தான். லிஃப்ட் செய்கிற கம்பெனியில் வேலை. எதை எடுத்தாலும் இது எதுக்கு, இது இல்லாட்டி என்ன ஆகும் என்று யோசிக்கிற புத்தி. இதுல ரெண்டு வகை இருக்கும்மா. பெரிசுல முன் டிக்கிக்கு மோட்டார் வெச்சிருக்கான், பட்டனை அமுக்குனா தானா திறக்கும், தானா மூடும். சின்னதுல கையால மூடணும். மத்ததெல்லாம் ஒண்ணுதான். ஒனக்கு அது தேவையா? அப்படிக் கேட்டுவிட்டு முகத்தைக் காமிராவுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து காத்திருந்தான். அவன் கேட்காமல் இல்லை. அதைச் சொல்லத்தான் வேண்டும். காத்திருந்தான். அப்போது இந்தக் கை காமிராவுக்குக் கீழே, மடியில் ரெண்டு தலையணை அடுக்கி அதன் மேல், தூங்குகிற பிள்ளையைப் போலக் கிடந்தது. எனக்கு எதுக்குடே அதெல்லாம், கை இருக்குல்லா என்றாள். அவன் சிரித்தான். அதான் நானும் நெனச்சேன், மோட்டார்னா என்னைக்காவது மக்கர் பண்ணும் என்றான்.

தேவை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்த வார்த்தை தனியாக வராது. மோட்டார் தேவை என்றால் ஏன் என்று கேட்பான். கை வராது என்றால் எந்தக் கை, என்ன ஆச்சு என்பான். கையைச் சொன்னால் அக்குளைச் சொல்ல வேண்டும், அங்கிருந்து எடுத்த நிணநீர் முடிச்சுகளைச் சொல்ல வேண்டும், அதைச் சொன்னால் மார்பைச் சொல்ல வேண்டும். ஸ்வெட்டரில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருக்கிறதே என்று இழுத்தால் முழுக்கப் பிரிந்து வருகிற மாதிரி. கடைசியில் ஒரு சொல் இருந்தது. அதை டாக்டர் சொன்னார், நர்ஸ் சொன்னாள். வீட்டில் ஆளில்லாத நேரத்தில்கூட அவள் வாயால் சொன்னதில்லை. கல்லூரியில் தாவரவியல் நடத்தினவள், எத்தனையோ வாயில் நுழையாத பேர்களைப் பலகையில் எழுதிப் பிள்ளைகளைச் சொல்ல வைத்தவள். குளிக்கும்போது கையில் பட்டது ஒரு ஆமணக்கு விதையளவுதான் இருந்தது. விதை என்றுதான் அன்றைக்கு மனசு சொன்னது, வேறு எதுவும் சொல்லவில்லை. எபி அப்போதுதான் சிங்கப்பூர் போய் இறங்கியிருந்தான். அதுவும் ரெண்டாவது தடவையாக வந்த வாய்ப்பு. முதல் தடவை வந்தபோது அவன் அப்பா செல்வின் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அம்மா தனியா இருக்கா என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு அதை விட்டுவிட்டான். திருநெல்வேலியில் எங்கோ ஒரு சின்ன இடத்தில் வேலைக்குப் போனான். ராத்திரி படுக்கும் முன் அப்பா செய்கிற மாதிரியே கேட்டை ஆட்டிப் பார்ப்பான். ஒருநாள் மாடிக்குத் துணி எடுக்கப் போனவள் படியிலேயே நின்றுவிட்டாள். அவன் யாருடனோ ஃபோனில் பேசிக்கொண்டிருந்தான். போணும்னுதான்ல இருக்கு, எப்படிப் போக? கோபமில்லை அந்தக் குரலில். கோபமிருந்தால் மறந்திருப்பாள். காய்ந்த துணி எடுக்க ஆளில்லாமல் கொடியிலேயே கிடந்தது அன்றைக்கு. எப்படிப் போக என்று இனி ஒரு தடவை அந்தப் பிள்ளை யாரிடமும் கேட்கக் கூடாது. அவ்வளவுதான் அவள் நினைத்தது. பித்தப்பையில கல்லு, சின்ன ஆபரேஷன், ரெண்டு நாள்ல வீட்டுக்கு அனுப்பிருவாங்க என்றாள். எவ்வளவு பெரிய கல்லும்மா என்று கேட்டான். பட்டாணி என்றாள். நம்பினான். முடி கொட்டியிருந்தால் பொய் நின்றிருக்காது. வெட்டியெடுத்து, கதிர்வீச்சுக் கொடுத்து, மாத்திரையோடு விட்டுவிட்டார்கள். கூட யாரு வந்திருக்கா என்று நர்ஸ் கேட்டபோது வருவாங்க என்றாள். மறுநாளும் கேட்டாள், அப்போதும் வருவாங்க. மூன்றாம் நாள் அந்த நர்ஸ் கேட்கவில்லை. தண்ணீர் பாட்டிலை மட்டும் வலது கைக்கு எட்டும் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுப் போனாள். ஞாயிறு ஆராதனைக்குப் போனாலும் அதிலிருந்து கோயிலின் இடது பக்கச் சுவரோரமாகவே உட்காருவாள், அந்தக் கையில் யாரும் சாய்ந்துவிடாமல். சுவருக்கு அவளைப் பற்றி எல்லாம் தெரியும்.

பக்கத்தில் ஒரு வண்டி வந்து நின்றது. வெள்ளை வண்டி, பெரிது. இறங்கியவனுக்கு முப்பத்தைந்து இருக்கலாம், கூலிங்கிளாஸை நெற்றிக்கு ஏற்றியிருந்தான். பின்கதவு வழியாக ஒரு இளம்பெண், இடுப்பில் ஒரு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தை. குழந்தை நெடும்பயணத்தின் சிணுங்கலில் இருந்தது. அவன் கன்னை மாட்டிவிட்டு, பாப்பா இங்க பாரு, இங்க பாரு என்று ஃபோனை எடுத்து எதையோ தொட்டான். வண்டியின் முன் மூடி, யாரும் தொடாமல், மெல்லிய முனகலோடு எழுந்தது. முழுக்க எழுந்து நின்றது. பிறகு மறுபடி தொட்டான். தானாக இறங்கி, கடைசியில் ஒரு கணம் தயங்கி, உள்ளே இழுத்துக்கொண்டு சப்தமில்லாமல் மூடியது. குழந்தை சிணுங்கலை விட்டுவிட்டு வாயைத் திறந்து பார்த்தது. சுகிர்தாவும் பார்த்தாள். அந்தக் கடைசி இழுப்பை. தூங்குகிறவரின் கையை ஒருவர் மெதுவாக எடுத்துப் போர்வைக்குள் வைக்கிற மாதிரி இருந்தது. அவன் இன்னொரு தடவை செய்தான், குழந்தை சிரித்தது, இன்னொரு தடவை. அப்புறம் இவள் வண்டியைப் பார்த்துவிட்டான். கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, மேடம், வைப்பருக்குத் தண்ணி ஊத்தறீங்களா, ஒதவி வேணுங்களா என்றான். கரூர்ப் பக்கத்துப் பேச்சு. கண்ணாடியை இறக்கி, இல்ல இல்ல, சும்மா, கொஞ்சம் காத்தோட்டமா இருக்கட்டும்னு என்றாள். சொன்ன பிறகுதான் எவ்வளவு அபத்தம் என்று தெரிந்தது. எஞ்சினே இல்லாத வண்டியில் எதற்குக் காற்றோட்டம். அவன் அதைக் கவனிக்கவில்லை. பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தான். உங்களுது கையில மூடறதுங்களா? அதாங்க கரெக்ட். இந்த மோட்டார் சமாச்சாரமெல்லாம் தேவையே இல்லைங்க, நான் வேண்டாம்னுதான் சொன்னேன். இவதான் ஒத்தக்கால்ல நின்னா. முன்னாடி டிக்கியில அப்படி என்னத்தைங்க வெக்கப் போறோம்? ரெண்டு பையி. அதை மூட ஒரு மோட்டாரு, அதுக்கு ஒரு ஒயரு, நாளைக்கு அது ரிப்பேருன்னா அதுக்கு ஒருநாள் அலையணும். மனுசனுக்குக் கையின்னு எதுக்குங்க இருக்கு? கொஞ்ச தூரத்தில் நின்ற பெண், இடுப்பில் குழந்தையை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, கையில புள்ள இருக்குமில்ல என்றாள். சண்டையாகச் சொல்லவில்லை. பல தடவை சொல்லிப் பழகிய தணிந்த குரல். புள்ளய எறக்கி விட்டுட்டு மூடறது என்றான் அவன். நடுரோட்லயா எறக்கி விடறது என்றாள். அவன் சிரித்துக்கொண்டே இவளிடம் திரும்பினான். நீங்க சொல்லுங்க மேடம், நீங்களும் இந்த வண்டிதான் ஓட்டறீங்க. நெசமாச் சொல்லுங்க, இது தேவைங்களா? அந்தப் பெண்ணும் இவளைப் பார்த்தாள். குழந்தைகூடப் பார்த்தது. சுகிர்தா மடியிலிருந்த இடது கையின் மேல் துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, தேவையில்லதான், கையாலயே மூடிறலாமே என்றாள். கேட்டுக்க வினோ, காலேஜ் டீச்சராட்டம் இருக்காங்க, அவங்களே சொல்றாங்க என்றான் அவன். வினோ என்கிற அந்தப் பெண் குழந்தையின் கன்னத்தில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, வண்டிக்கு அந்தப் பக்கம் போய் நிழலில் நின்றுகொண்டாள். அவன் டீ வாங்கிட்டு வர்றேன் என்று ஓட்டலுக்குள் போனான்.

கண்ணாடியை ஏற்றினாள். ஏற்றியதும் உள்ளே மறுபடி அந்த ஏசியின் இரைச்சல், மறுபடி அந்தச் சிவப்பு வரி. ஏன் அப்படிச் சொன்னேன். இல்லை என்று சொல்லியிருக்கலாம், தெரியலியே என்று சொல்லியிருக்கலாம், யாருக்கு எப்படியோ என்று சிரித்து விட்டிருக்கலாம். ஒரு வாரமோ ஒரு மாசமோ அந்தப் பெண் நின்று கேட்டு வாங்கின ஒரு வசதி. இனி ஒவ்வொரு தடவை அது முனகிக்கொண்டு எழும்போதும் அவன் சொல்வான், அன்னிக்கு ரோட்ல அந்த மேடமே சொன்னாங்களே என்று. இத்தனை நாள் பொய் சொன்னதில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று நினைத்திருந்தாள். பொய் அவளை மட்டும்தான் தொட்டது, அவள் மட்டும்தான் அதற்குள் புழங்கினாள், ஒரு ஆளுக்கான சமையல் மாதிரி. இப்போது அது வெளியே போய் முன்பின் தெரியாத ஒருத்தியின் மேல் கொட்டிவிட்டது. அந்தப் பெண்ணின் முகம் சுருங்கக்கூட இல்லை. சுருங்கியிருந்தால் பரவாயில்லை. ஆமா, இப்படித்தான் எல்லாரும் சொல்லுவாங்க என்பது மாதிரி ஒரு ஒதுங்கல். அது சுகிர்தாவுக்குத் தெரிந்த ஒதுங்கல்தான். சுவரோரத்து ஒதுங்கல். உறைக்குள் கை விண் விண் என்று துடித்தது. பாரம் தூக்காதீங்க, தள்ளாதீங்க, அமுக்காதீங்க, அந்தக் கையில ஊசி போட விடாதீங்க, பிளட் பிரஷர் பாக்க விடாதீங்க என்று அனுப்பினார்கள். இதெல்லாம் செய்யாத ஒரு கை எதற்கு என்று அவர்கள் சொல்லவில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் எபி கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்து அப்படியே கட்டிப் பிடிப்பான். சின்ன வயசிலிருந்தே இடது பக்கம்தான் சாய்வான். அந்தப் பக்கம்தான் பால் அதிகம் என்று அவளுடைய அம்மா கேலி செய்வாள். அங்கே இப்போது துணிக்குள் வைத்துத் தைத்த ஒரு பஞ்சுத் திண்டு. அவனுக்குத் தெரியுமா, தெரியாதா. நெஞ்சு தட்டையா இருக்கே என்று ஒரு பிள்ளைக்குத் தோன்றுமா. தோன்றாமல் இருக்கட்டும் கர்த்தாவே. தோன்றினால்கூடப் பரவாயில்லை, நான் வாயைத் திறக்காமலே தோன்றட்டும். போன வாரம் விலா எலும்புக்குக் கீழே ஒரு குத்தல். வாயுவாக இருக்கும். தலைவலி வந்தால் தலையில், இருமல் வந்தால் நெஞ்சில் என்று உடம்பு முழுக்க டார்ச் அடித்துக்கொண்டு நடக்கிற காவல்காரனைப் போல ஆகிவிட்டது மனசு. வாயுதான். வாயுவென்றால் இன்றைக்கு ஏன் நினைவு வருகிறது. அவன் திரும்பி வந்துவிடுவான். தெரிந்தால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவான், கேட்டை ஆட்டிப் பார்ப்பான், மாடியில் நின்று யாரிடமாவது, எப்படிப் போக. இறங்கிப் போய் அந்த மூடியின் மேல் ஏறி உட்கார்ந்துவிடலாமா. உட்கார்ந்தால் பூட்டிக்கொள்ளும். தகடு குழிந்துவிடும். ஏம்மா இங்க இப்படிக் குழிஞ்சிருக்கு என்று பார்த்ததும் கேட்பான். மாடு வந்து மோதிட்டுடே. அதற்கும் ஒரு பொய் தயாராக இருந்ததைப் பார்த்து அவளுக்கே பயமாக இருந்தது. யோசிக்கக்கூட வேண்டியிருக்கவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி வந்தது.

சார்ஜ் நிரம்பிவிட்டது என்று திரை சொன்னது. கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். எதற்கு இறங்குகிறோம் என்று முழுக்கத் தெரிந்துகொண்டு இறங்கவில்லை. முன்னால் போய் நின்றாள். மூடியின் மேல் வலது கையை வைத்தாள். பிறகு அதை எடுத்துவிட்டு, வினோ நின்ற பக்கமாகப் பார்த்து, ஏம்மா, கொஞ்சம் ஒரு கை பிடிக்கியா என்று கேட்டாள். குரல் கரகரத்து வந்தது, உதவி கேட்டுப் பழகாத குரல். அந்தப் பெண் உடனே வந்தாள். இடுப்பிலிருந்த குழந்தையைப் பார்த்துவிட்டு, எங்கிட்டயும் ஒரு கைதானுங்க இருக்கு, எறக்கி விட்டா ஓடிருவா, அவரு வந்துருவாரு, சொல்லட்டுங்களா என்றாள். வேண்டாம் என்றாள் சுகிர்தா. எனக்கும் ஒரு கைதான். இது வராது. சொல்லிவிட்டாள். இடது கையை லேசாகத் தூக்கிக் காட்டக்கூடச் செய்தாள், அடுக்களையில் உடைந்த பாத்திரத்தைக் காட்டுகிற மாதிரி. மணிக்கட்டுக்குக் கீழே உறையின் ஓரம் தெரிந்தது, தோல் நிறம் என்று சொல்லி விற்ற, யாருடைய தோலுக்கும் பொருந்தாத ஒரு நிறம். வினோ அதைப் பார்த்தாள், இவள் முகத்தைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள். எங்க பெரியத்தையும் இதுதான் போடுவாங்க என்றாள். போடுவாங்க என்றாளா, போட்டிருந்தாங்க என்றாளா என்று சுகிர்தாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளத் தைரியமும் வரவில்லை. நீங்க அந்தப் பக்கம் வாங்க, நான் இந்தப் பக்கம் நிக்கறேன் என்றாள் அந்தப் பெண். அப்படியே நின்றார்கள். ஒண்ணு ரெண்டு சொல்லி அழுத்தினார்கள். வினோ முந்திவிட்டாள், கோணலாக மாட்டிக்கொண்டது. சிரிப்பு வந்தது ரெண்டு பேருக்கும். சுகிர்தா விசையைத் தொட்டு மறுபடி திறந்தாள். இந்தத் தடவை எண்ணவில்லை, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டே மெல்ல இறக்கி, கடைசியில் சேர்ந்து அழுத்தினார்கள். க்ளக் என்று பூட்டியது. குழந்தை தன் கையையும் நீட்டித் தகட்டில் ஒரு தட்டுத் தட்டிச் சுட்டதும் இழுத்துக்கொண்டது. சுகிர்தா மூடியிலிருந்து கையை எடுக்காமலே, நான் அவர்ட்ட சொன்னது சும்மா சொன்னது என்றாள். அது தேவைதான். எனக்கு ரொம்பத் தேவை. கேட்டு வாங்கியிருக்கணும், கேக்கல. நீ கேட்டு வாங்கினதுதான் சரி. அவர்ட்ட நானே சொல்லுதேன். வினோ தலையை ஆட்டினாள். வேண்டாங்க்கா, அவரு ஒண்ணும் மோசமில்ல, வாய்தான். உங்களுக்கு யாரு இருக்கா கூட? அதே கேள்வி. மகன் இருக்கான் என்றாள். இன்னைக்கு வாறான். அவனுக்குத் தெரியாது. எது தெரியாது என்று அந்தப் பெண் கேட்கவில்லை. ஐயோ என்றும் சொல்லவில்லை. தகட்டில் சுட்ட குழந்தையின் கையை ஊதிவிட்டாள். அப்புறம், தெரியாம இருந்தா மகனுக்கு எப்படிங்க்கா உங்களுக்கு என்ன வாங்கித் தர்றதுன்னு தெரியும் என்றாள், வண்டியைத்தான் சொல்கிறாள் என்பது போல. வினோவின் கணவன் டீ கிளாஸ்களோடு வந்துகொண்டிருந்தான். இவளுக்கும் ஒன்று வாங்கியிருந்தான். மூடிட்டீங்களா மேடம், பாத்தீங்களா, கை போதும்ல என்றான். ரெண்டு பேர் கை வேண்டியிருந்தது தம்பி என்றாள் சுகிர்தா. என் ஒரு கை போதல. உங்க வீட்டம்மா கேட்டது தேவைதான், நான்தான் தப்பாச் சொல்லிட்டேன். அவன் புரியாமல் மனைவியைப் பார்த்தான். அப்புறம் சொல்றேன், டீயக் குடிங்க என்றாள் அவள்.

கன்னைக் கழற்றி மாட்டிவிட்டுப் புறப்பட்டபோது அவர்கள் வண்டிக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றியிருந்தார்கள். வினோவின் கை உள்ளே அசைந்த மாதிரி இருந்தது, குழந்தைக்கு விசிறினதாகவும் இருக்கலாம். இனி அவளைப் பார்க்கப் போவதில்லை. ஊர்கூட முழுசாகத் தெரியாது. உலகத்திலேயே விஷயம் தெரிந்த ஒரே ஆள், ஆஸ்பத்திரிக்காரர்களை விட்டால், இப்போது எதிர்த்திசையில் மதுரையோ எங்கோ போய்விடுவாள். சாலையில் ஏறி வேகம் எடுத்தாள். மூடி அசையவில்லை. எவ்வளவு சுலபமாக வந்தது அது. எனக்கும் ஒரு கைதான், இது வராது. தெரியாதவளிடம் சொல்ல மூச்சுகூடப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்துக் காலி சீட்டைப் பார்த்து, எபி, ஒன்ட்ட ஒண்ணு சொல்லணும் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தாள். வேண்டாம். அப்பா போன அன்றைக்கும் இப்படித்தான் ஆரம்பித்தாள், பிள்ளை பயந்துவிடும். எபி, அது பித்தப்பை இல்லடே. தனியாகச் சிரிப்பு வந்துவிட்டது. எபி, எனக்கு, என்று ஆரம்பித்து ஒரு டேங்கர் லாரியைத் தாண்டும் வரை நிறுத்தி, மறுபடி எனக்கு என்று ஆரம்பித்து, மார்புல என்பது வரை வந்தாள். அங்கே நிறுத்திவிட்டு ஏசியைக் கூட்டினாள். காலி சீட்டு ரொம்பக் கவனமாகக் கேட்கிற மாதிரி இருந்தது. நீ வேலையை விடக் கூடாது என்பதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் இதைச் சொன்னால் என்ன. முதலில் அதைச் சொன்னால் எதற்கு விடணும் என்பான். அப்போது சொல்லியாக வேண்டும். சொல்லியாக வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்திக்கொள்வதும் ஒரு வழிதான். விராலிமலை குன்று வலது பக்கம் தெரிந்து, நகர்ந்து, பின்னால் போயிற்று. வெயில் சாய ஆரம்பித்திருந்தது. இன்னும் கொஞ்ச தூரத்தில் பெரிய பெட்ரோல் பங்க் ஒன்று உண்டு, சுத்தமான கழிவறை. அங்கே நிறுத்தி, உறையைக் கழற்றிக் கைப்பைக்குள் திணித்துவிட்டு, முகம் கழுவிப் பவுடர் போட்டுக்கொண்டு விமான நிலையம் போவது என்றுதான் கை வீங்கியபோது முடிவு செய்திருந்தாள். பங்க்கின் உயரமான பெயர்ப்பலகை தூரத்தில் தெரிந்தது. இடது பக்கம் திரும்புவதற்கான விளக்கைப் போட்டாள். அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. பலகை பெரிதாகிப் பக்கத்தில் வந்தது, உள்ளே போகும் பாதை வந்தது, ஒரு நாய் அந்தப் பாதையின் நடுவில் படுத்திருந்தது. விளக்கை அணைத்தாள். பலகை கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டு போனது. எபி, என்று அவள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள்.